ஏறின கியர்லயே இறங்கு: ஆட்டோமேட்டிக் கியரின் கதை

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோட் ஜவ்வாது மலையில, ஒரு கருகல் வாடையில ஆரம்பிக்குது.

போன டிசம்பர்ல நானும் என் காலேஜ் நண்பனும் ஆலங்காயத்துல இருந்து காவலூர் வழியா ஜமுனாமரத்தூர் போனோம். அவன் அங்க மலைக் கிராமங்கள்ல சாமை, தேன், புளி வாங்கி சென்னையில விக்கிறான். வண்டி ஒரு டீசல் பிக்கப், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, ஆட்டோமேட்டிக் கியர். போகும்போது அவன் ஓட்டினான். போளூர் பக்கம் இறங்கும்போது "நீ ஓட்டுடா"ன்னு சாவியை என் கையில கொடுத்துட்டான்.

எனக்கு ஆட்டோமேட்டிக் புதுசு. பத்து வருஷமா மேனுவல் ஓட்டின கால். முதல் கிலோமீட்டர்லயே என் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடுச்சு, பிரேக் பெடல் மேல விழுந்துச்சு. வண்டி குலுங்கி நின்னு, பின்னாடி இருந்த சாமை மூட்டையெல்லாம் முன்னாடி சரிஞ்சது. நண்பன் சிரிச்சான். "இடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில வச்சுக்கோ, அது இப்போ ரிட்டயர்டு"ன்னான்.

அப்புறம் பழகிடுச்சு. கியரை டி-ல போட்டேன், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினேன். சுகமா இருந்துச்சு. ஏழெட்டு வளைவு தாண்டினதும் ஒரு வாடை. இரும்பும் ரப்பரும் சேர்ந்து கருகற மாதிரி. பெடல் வழக்கத்தை விட ஆழமா போச்சு.

ஓரங்கட்டி நிறுத்தினோம். சக்கரத்துக்குப் பக்கத்துல கையைக் கொண்டு போக முடியல, அவ்வளவு அனல். அந்த வழியா பலாப்பழம் ஏத்திக்கிட்டு வந்த ஒரு பிக்கப் டிரைவர் அண்ணன் நிறுத்திப் பாத்தாரு. வாடையிலேயே அவருக்கு விஷயம் புரிஞ்சிடுச்சு. அவர் சொன்னது ஒரே ஒரு வரி:

"ஏறின கியர்லயே இறங்கணும் தம்பி."

"அண்ணே, இது ஆட்டோமேட்டிக்"னு சொன்னேன்.

"அதுக்கென்ன? மலை மேனுவல்தானே?"

இன்னைக்கு எபிசோட் அந்த வரியைப் பத்தித்தான். கியர் மாத்துற வேலையை மனுசன்கிட்ட இருந்து மெஷின் எப்படி வாங்குச்சு, எதை வாங்கல, எதை வாங்கவே முடியாது. கொஞ்சம் பின்னாடி போவோம்.

கியர் எதுக்கு?

எஞ்சினுக்கு எல்லா வேகத்துலயும் ஒரே பலம் கிடையாது. ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்துலதான் அது நல்லா இழுக்கும். டீசல் எஞ்சின் கீழ் வேகத்துலயே நல்லா இழுக்கும், ஆனா அதோட எல்லை சின்னது. பெட்ரோல் எஞ்சினை நிமிஷத்துக்கு 6,000 சுத்து வரைக்கும் விரட்டலாம். டீசல் பிக்கப் பெரும்பாலும் 1,500-ல இருந்து 3,000-க்குள்ளதான் தன் வேலையைப் பாக்கும். அதைத் தாண்டினா சத்தம்தான் மிச்சம். அதனால டீசல் வண்டிக்கு, அதுவும் சரக்கு ஏத்தின டீசல் வண்டிக்கு, கியரை அடிக்கடி, சரியான நேரத்துல மாத்தணும்.

1890-கள்ல பிரான்ஸ்ல பனார் எ லவாசோர் கம்பெனி பல் சக்கரங்களை நகர்த்திக் கோக்கிற கியர்பாக்ஸைக் காருக்குள்ள கொண்டு வந்தாங்க. சுத்திக்கிட்டு இருக்கற ஒரு பல் சக்கரத்தை இன்னொண்ணுக்குள்ள தள்ளணும். ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தலைன்னா கரகரன்னு பல் உரசும், சில சமயம் உடையும். அதனால டிரைவர் கிளட்சை மிதிச்சு நியூட்ரல் போட்டு, கிளட்சை விட்டு, எஞ்சினை ஒரு அதட்டு அதட்டி வேகத்தைச் சேர்த்து, மறுபடி கிளட்சை மிதிச்சு கியரைப் போடணும். பழைய லாரி டிரைவர்கள் இதை "டபுள் கிளட்ச்"னு சொல்வாங்க. காதாலயும் காலாலயும் கத்துக்கிட்ட வித்தை அது. புத்தகத்துல வராது.

இந்த வேதனையைக் குறைச்ச மனுசன் அமெரிக்காக்காரர், எர்ல் தாம்ப்சன். பல் சேர்றதுக்கு முன்னாடியே ரெண்டு பக்க வேகத்தையும் உரசலால சமமாக்குற சின்க்ரோமெஷ் அவருடைய யோசனை. 1928-ல கேடிலாக் கார்ல வந்துச்சு. இன்னைக்கு நாம ஓட்டுற மேனுவல் கார் எல்லாத்துலயும் இருக்கறது அந்த யோசனையோட வாரிசுதான். அதாவது நாம பெருமையா சொல்ற "மேனுவல்"லயே பாதி வித்தையை மெஷின் எப்பவோ வாங்கிடுச்சு. நம்ம தாத்தா காலத்து டிரைவர் கண்ணுக்கு, நாமளும் பாதி ஆட்டோமேட்டிக்தான்.

எண்ணெய் போடுற இஃப் கண்டிஷன்

அடுத்த கதை கப்பல்ல இருந்து வருது. ஜெர்மனியில ஹெர்மன் ஃபோட்டிங்கர்னு ஒரு பொறியாளர். நீராவி டர்பைன் ரொம்ப வேகமா சுத்தும், ஆனா கப்பலோட விசிறி மெதுவா சுத்தினாதான் நல்லது. நடுவுல என்ன வைக்கிறது? 1905-ல அவர் ஒரு காப்புரிமை வாங்கினார்.

வீட்டுல ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரா வச்சுப் பாருங்க. ஒண்ணை மட்டும் ஆன் பண்ணுங்க. அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும். ரெண்டுக்கும் நடுவுல இரும்பு இணைப்பே கிடையாது. காத்துக்குப் பதிலா திரவத்தை ஊத்தி, ரெண்டையும் ஒரு டப்பாவுக்குள்ள அடைச்சா, அதுதான் திரவ இணைப்பு. திரும்பி வர்ற திரவத்தைச் சரியான கோணத்துல திருப்பிவிட நடுவுல இன்னொரு சக்கரம் வச்சா, இழுவிசை பெருகவும் செய்யும். அதுக்குப் பேர் டார்க் கன்வர்ட்டர். ஆட்டோமேட்டிக் வண்டி சிக்னல்ல கியர்ல நின்னாலும் அணையாம இருக்கறதும், பிரேக்கை விட்டதும் தானா ஊர்றதும் இதனாலதான்.

1939 அக்டோபர்ல ஜெனரல் மோட்டார்ஸ், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்ல "ஹைட்ரா-மேட்டிக்"கை அறிமுகப்படுத்துச்சு. கிளட்ச் பெடலே இல்லாம நாலு கியரையும் தானா மாத்தி, பெரிய அளவுல வித்த முதல் கியர்பாக்ஸ் அது. அதை உருவாக்கின குழுவுக்குத் தலைமை யார் தெரியுமா? அதே எர்ல் தாம்ப்சன். பாதி வேலையை வாங்கினவரே மீதியையும் வாங்கிட்டார்.

எனக்கு, ஒரு சாஃப்ட்வேர் ஆளா, பிரமிப்பா இருந்த இடம் இதுதான். 1939-ல சிப் கிடையாது, சென்சார் கிடையாது. கியரை எப்போ மாத்தணும்னு அது எப்படி முடிவு பண்ணுச்சு?

எண்ணெய் அழுத்தம். ஒரு பக்கம், வண்டி வேகம் கூடக் கூட அழுத்தத்தைக் கூட்டுற ஒரு கவர்னர். இன்னொரு பக்கம், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு அழுத்தம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன வால்வு. வேகம் ஜெயிச்சா வால்வு ஒரு பக்கம் நகரும், மேல் கியர். மிதி ஜெயிச்சா இன்னொரு பக்கம், கீழ் கியர். அவ்வளவுதான். நாம கோடுல எழுதற இஃப் கண்டிஷனை எண்ணெயே போட்டுக்குச்சு. இன்னைக்கு அழுத்தத்தை அளக்கற வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கிட்டாலும், அடிப்படைக் கேள்வி மாறல. எவ்வளவு வேகமா போற? எவ்வளவு மிதிக்கிற?

இந்தக் கேள்வியை மனசுல வச்சுக்கோங்க. என் பிரேக் கருகின காரணம் இதுக்குள்ளதான் இருக்கு.

சோம்பேறிகளுக்கா, சிப்பாய்களுக்கா?

"ஆட்டோமேட்டிக் சோம்பேறிங்க ஓட்டறது"ன்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு உண்டு. வரலாறு அப்படிச் சொல்லல.

1942-ல அமெரிக்காவோட எம்5 லைட் டாங்க் வந்துச்சு. ரெண்டு கேடிலாக் எஞ்சின், ரெண்டு ஹைட்ரா-மேட்டிக். குண்டு பறக்கற இடத்துல சிப்பாய் கிளட்சோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க வேண்டாம்னு நினைச்சாங்க. பிரிட்டன்ல அதுக்கும் முன்னாடியே, முதல் உலகப் போர் டாங்கை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான வால்டர் வில்சனோட கியர்பாக்ஸும், டெய்ம்லர் கம்பெனியோட திரவ இணைப்பும் சேர்ந்து 1930-கள்ல பஸ்களுக்குள்ள வந்துடுச்சு. நாள் முழுக்க ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்தி எடுக்கற பஸ் டிரைவரோட முழங்காலுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலைன்னு நம்ம எம்டிசி டிரைவர் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

இதை விட முக்கியமான ஒரு பக்கம் இருக்கு. இரண்டாம் உலகப் போர்ல கை கால் இழந்து வந்த அமெரிக்க வீரர்களுக்காக, ஓல்ட்ஸ்மொபீல் "வேலியண்ட்"ங்கற பேர்ல, ஹைட்ரா-மேட்டிக்கோட கைக் கட்டுப்பாடுகளையும் சேர்த்த கார்களைக் கொடுத்தது. 1946-ல அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டு, அப்படிப்பட்ட வீரர்கள் கார் வாங்க 1,600 டாலர் வரைக்கும் கொடுத்தது. ஆடம்பரம்னு பேர் வாங்கின ஒரு பொருள், ஒரு மனுசன் மறுபடி தனியா வெளியே போறதுக்கான வழியா மாறுச்சு.

இதை நான் ஏன் அழுத்திச் சொல்றேன்? என் நண்பன் ஆட்டோமேட்டிக் வாங்கினதும் சுகத்துக்காக இல்ல. மூணு வருஷம் முன்னாடி பைக் விபத்துல அவன் இடது முழங்கால் நொறுங்கிடுச்சு. உள்ள இப்பவும் பிளேட் இருக்கு. மலைப் பாதையில ஒரு ட்ரிப்புக்கு நூறு தடவை கிளட்ச் மிதிச்சா அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. டிரைவர் வச்சு ஓட்டினா சாமையில வர்ற லாபம் சம்பளத்துக்கே சரியா போச்சு. ஒரு வருஷம் தொழிலையே நிறுத்தி வச்சிருந்தான். இந்த வண்டி வந்த பிறகுதான் மறுபடி மலை ஏறினான். அன்னைக்கு "இடது கால் ரிட்டயர்டு"ன்னு சிரிச்சானே, அது அவன் தன் காலைப் பத்தியும் சொன்னதுன்னு எனக்கு ரொம்ப நேரம் கழிச்சுதான் உறைச்சது.

நம்ம ஊருக்கு ஏன் லேட்டு?

அம்பாசடர், பியட், 1986-ல வந்த டாடா 407... நம்ம நாட்டு ரோடுகளை ஆண்ட வண்டிகள் எல்லாமே மேனுவல். விலையும் மைலேஜும்தான் காரணம். பழைய ஆட்டோமேட்டிக்ல எண்ணெய் வழியா பலம் போகும்போது கொஞ்சம் நழுவும். அந்த நழுவல் டீசலைத் தின்னும். நழுவலைத் தடுக்க, வேகம் வந்ததும் இரும்போட இரும்பைப் பூட்டுற லாக்-அப் முறையை 1949-லேயே அமெரிக்காவோட பேக்கார்ட் கம்பெனி கொண்டு வந்துச்சு. ஆனா அது பரவலாக 1970-களோட பெட்ரோல் நெருக்கடி வரவேண்டியிருந்தது.

இங்க உண்மையான திருப்பம் 2014. மாருதி செலேரியோவுல ஏஎம்டி வந்தது. அதுல டார்க் கன்வர்ட்டர் கிடையாது. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிச்சு கியரை மாத்துற வேலையை ஒரு சின்ன இயந்திரக் கை செய்யும். விலை குறைவு, மைலேஜும் குறையல. நகரத்து டிராஃபிக்ல சிக்கின நம்ம தலைமுறை அப்படியே பிடிச்சுக்கிச்சு.

பிக்கப்போட கதை வேற. இசுசு தன் டி-மேக்ஸ் பிக்கப்பை முதல்ல நம்ம திருவள்ளூர்ல, இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலதான் பூட்டுச்சு. 2016-ல ஆந்திராவோட ஸ்ரீசிட்டியில சொந்த ஆலை திறந்தாங்க. 2019-ல அதோட வி-கிராஸ் மாடலுக்கு 1.9 லிட்டர் டீசலும் 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்து வந்தது. 2022-ல டொயோட்டா ஹைலக்ஸ். இதுல ஒரு சுவாரசியம். அதே 2.8 லிட்டர் டீசல் எஞ்சின்தான், ஆனா மேனுவல்ல இழுவிசை 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்ல 500. அதிக பலத்தை "சோம்பேறி" கியருக்குத்தான் கொடுத்திருக்காங்க.

ஆனா ஜமுனாமரத்தூர் சந்தையில நின்னு பாத்தா இந்த வண்டிகளைத் தேடணும். அங்க மலையைச் சுமக்கறது 2011-ல ஓசூர்ல இருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்தும், மஹிந்திரா பொலேரோ பிக்கப்பும்தான். எல்லாம் மேனுவல். மலையோட அறிவும் இன்னும் அந்த டிரைவர்களோட காலுக்குள்ளதான் இருக்கு.

கருகினது ஏன்?

இப்போ அந்த வாடைக்கு வருவோம். ஏறும்போது நாம என்ன பண்றோம்? நல்லா மிதிக்கிறோம், வேகம் குறைவு. மிதி ஜெயிக்குது, கீழ் கியர். சரியான முடிவு. இறங்கும்போது? காலை எடுத்துடறோம், வேகம் தானா கூடுது. வேகம் ஜெயிக்குது, மேல் கியர். தப்பான முடிவு! அந்த நேரத்துல எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கணும். மேல் கியர்ல அது கிட்டத்தட்ட கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடும்.

டீசல்ல இது இன்னும் மோசம். பெட்ரோல் எஞ்சின்ல காலை எடுத்தா காத்து போற வழி அடைபடும், எஞ்சின் உறிஞ்ச முடியாம திணறும், அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடிக்கும். டீசல் எஞ்சின் மிதியைக் காத்தடைப்பால கட்டுப்படுத்தறதில்ல, ஊத்தற டீசலோட அளவை வச்சுக் கட்டுப்படுத்துது. அதனால பிடிப்பு இயல்பாவே குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பெரிய லாரிகள்ல எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறாங்க. நம்ம பிக்கப்புக்கு இருக்கற ஒரே வழி, கீழ் கியர்.

சின்னதா ஒரு கணக்கு. சரக்கோட 2,500 கிலோ வண்டி, 500 மீட்டர் உயரம் இறங்குது. அது விடற ஆற்றல் சுமார் 12 மெகாஜூல். கிட்டத்தட்ட 40 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு. எஞ்சின் அதுல பங்கு எடுக்கலைன்னா, அத்தனையும் நாலு சக்கரத்து பிரேக்குலதான் போய் உக்காரும். பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடானா பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதிச்சா பெடல் அப்படியே உள்ள போயிடும். நான் அந்த இடத்துக்கு எவ்வளவு பக்கத்துல இருந்தேன்னு நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது. 2022 ஏப்ரல்ல இதே ஜவ்வாது மலையில, புதூர்நாடு பக்கம், கோவிலுக்குப் போன கிராமத்து ஜனங்க இருந்த வண்டி பள்ளத்துல விழுந்து பல உயிர் போச்சு. எந்தக் கியர்பாக்ஸா இருந்தாலும் மலை மன்னிக்கிறதில்ல.

மேனுவல் டிரைவர்கள் எல்லாரும் புனிதர்கள்னும் நான் சொல்லல. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல, சில பேர் எஞ்சினையே அணைச்சு இறங்குறது நமக்குத் தெரியும். எஞ்சின் அணைஞ்சா பிரேக்குக்குத் துணை நிக்கிற வேக்வம் போயிடும், ரெண்டு மூணு மிதிக்கு மேல பெடல் கல்லாயிடும். அந்த அண்ணன் சொன்ன விதியை மீற ஆட்டோமேட்டிக் தேவையில்ல.

இது புதுசா தெரிஞ்ச குறையும் இல்ல. 1939 ஹைட்ரா-மேட்டிக்லயே "லோ"ன்னு ஒரு நிலை வச்சிருந்தாங்க. அதுல போட்டா மேல் கியருக்குப் போகாது. செங்குத்து ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும்னே வச்சது. மெஷினுக்கு முன்னாடி இருக்கற ரோடு தெரியாதுங்கறது அதை உருவாக்கினவங்களுக்கு முதல் நாள்லேயே தெரியும். இப்போ சில வண்டிகள் சரிவை உணர்ந்து, பிரேக் மிதிச்சா தானா கீழ் கியர் போடும். நல்ல விஷயம். ஆனா அதுவும் சரிவுல கால் வச்ச பிறகுதான். அடுத்த வளைவுக்கு அப்பால என்ன இருக்குன்னு கண்ணுக்குத்தான் தெரியும்.

பழகிக்கறதுன்னா என்ன?

அன்னைக்கு அரை மணி நேரம் பிரேக் ஆற விட்டோம். தண்ணி ஊத்தலாமான்னு கேட்டேன், அந்த அண்ணன் "சூட்டுல ஊத்தாத, டிஸ்க் வளைஞ்சிடும்"னு தடுத்தார். பிறகு நண்பன் உக்காந்தான். லீவரை மேனுவல் பக்கம் தள்ளி ரெண்டாவது கியர்ல வச்சான். எஞ்சின் உறுமிச்சு. வண்டி யாரோ பின்னாடி கயிறு கட்டிப் பிடிச்ச மாதிரி இறங்குச்சு. வளைவுக்கு முன்னாடி மட்டும் பிரேக்கை ஒரு அழுத்து அழுத்தி, உடனே விட்டான். தொட்டுக்கிட்டே இருக்கல. அவன் இடது கால் நீட்டினபடி சும்மா இருந்துச்சு.

அதைப் பாத்தப்போதான் எனக்குப் புரிஞ்சது. ஆட்டோமேட்டிக்குக்குப் பழகறதுன்னா எல்லாத்தையும் அதுகிட்ட விட்டுடறதுன்னு நான் நினைச்சிருந்தேன். அது கால் வேலையை மட்டும்தான் வாங்கிக்குது. ரோட்டைப் பாத்து முடிவு எடுக்கற வேலை நம்மகிட்டயே இருக்கு. இன்னும் சொன்னா, கால் சும்மா இருக்கறதால அந்த வேலையை இன்னும் நல்லா செய்யலாம்.

புதுசா ஓட்டப் போறவங்களுக்கு நாலு விஷயம். இடது காலை ஓரமா வைங்க, பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வலது காலுக்கு மட்டும். ஏத்தத்துல கியர் மேலயும் கீழயும் மாறி மாறித் தடுமாறினா, மேனுவல்ல போட்டு ஒரு கியர்ல நிறுத்துங்க. டீசல்ல பட்டுன்னு முழுசா மிதிக்காதீங்க, மெதுவா மிதிச்சா கீழ் வேகத்துலயே அது இழுக்கும். இறக்கம் தொடங்கறதுக்கு முன்னாடியே, வேகம் கூடறதுக்கு முன்னாடியே, கியரைக் குறைச்சுடுங்க.

எந்தக் கியர்னு சந்தேகம் வந்தா, வர்ற வழியில எதுல ஏறினீங்கன்னு யோசிங்க. அதேதான்.

உங்க வீட்டுல பழைய லாரியோ பஸ்ஸோ ஓட்டினவங்க இருந்தா, டபுள் கிளட்ச் எப்படிப் போடறதுன்னு ஒரு தடவை கேளுங்க. கையையும் காலையும் ஆட்டித்தான் சொல்லித் தருவாங்க, அதை ரெக்கார்டு பண்ணி எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். பத்திரமா இறங்குங்க.